ஆர்க்கிடியச் சட்டை

விண்ணப்பங்களைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. கதை என்று துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

அகராதி அலுவலகம் ஒன்றில் பொருள் எழுதுபவர் ஒருவர் இருந்தார். பதினோரு ஆண்டுகள் பிறர் கொண்டுவந்த சொற்களுக்கே பொருள் எழுதியவர், முதன்முறையாகத் தாமே ஒரு பெயரடையை முன்மொழிந்திருந்தார். 'ஆர்க்கிடிய: 1. ஆர்க்கிட் பூவினத்தைச் சார்ந்த. 2. அப்பூவைப் போல் கண்ணைப் பறிக்கும் பகட்டுடைய.'

பொருளில் பழுதில்லை என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். ஆயினும் அலுவலக வழக்கப்படி, வெளியார் ஒருவர் இயல்பாகப் பேசிய வாக்கியம் ஓர் அட்டையில் வர வேண்டும். பேசியவரைப் பதிப்பாசிரியரே தொலைபேசியில் விசாரிப்பார். 'ஆ' வரிசை அன்று மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது. அதற்குள் அட்டை வராவிட்டால் சொல் போயிற்று.

ஒரு வாரமாகப் பொருள் எழுதுபவர் தம் வீட்டில் 'ஆர்க்கிடியத் திரைச்சீலை', 'ஆர்க்கிடியச் செருப்பு' என்று தூவிப் பார்த்தார். ஒருவரும் கொத்தவில்லை. ஆகவே அன்று காலை, மஞ்சள் புள்ளியிட்ட பளபளக்கும் ஊதாச் சட்டை அணிந்து, சட்டைப் பையில் ஓர் ஆர்க்கிட் பூவையும் செருகிக்கொண்டு உணவு மேசைக்கு வந்தார்.

மைத்துனன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தான். "மாமா, சர்க்கஸ்ல வேலை கிடைச்சிடுச்சா? சொல்லவே இல்ல."

"இந்தச் சட்டைய ஒரே வார்த்தையில சொல்லணும்னா என்ன சொல்லுவ மச்சான்?"

"கண்றாவி."

"பூவையும் சேர்த்துப் பாரு."

"பூ பாவம்."

மனைவி குறுக்கிட்டாள். "என்னங்க, அதைக் கழட்டிட்டு வேலைக்குப் போங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

"நீ அந்த வார்த்தைய ஒரு தடவை சொல்லு, கழட்டிடறேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, அந்த ஆர்க்கிடியச் சட்டையக் கழட்டுங்க."

அவர் அட்டையில் அதைப் பதிந்துகொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். மகிழ்ச்சியில் சட்டையை மாற்ற மறந்தே போனார்.

மூன்றரை மணிக்குப் பதிப்பாசிரியர் வீட்டை அழைத்தார். "அம்மா, இந்த வார்த்தைய நீங்களாத்தான் சொன்னீங்களா?"

அவளுக்குப் பொய் வராது. "நானா எங்க சார் சொன்னேன்? சொன்னாத்தான் கழட்டுவேன்னு நின்னாரு. கழட்டினாரா? உங்க எதிர்லதானே இருப்பாரு, நீங்களே பாருங்க."

அதுவரை அட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பதிப்பாசிரியர் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டாவது பொருள் ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க" என்று சொல்லியபடியே சிவப்பு மையால் சொல்லை அடித்தார்.

இழந்தவை: பெயரடை ஒன்று, அதன் பொருள் இரண்டு, அட்டை ஒன்று, பூ ஒன்று, மைத்துனனிடம் மிச்சமிருந்த மரியாதை முழுவதும்.