அண்ணன் வெட்டிய நகம்

அண்ணன் இயக்கிய படத்தில் அப்பா இருந்தார், அண்ணன் இருந்தான், செத்துப்போன அம்மாகூடச் சுவரில் புகைப்படமாகத் தொங்கினாள். தங்கையான அவள் மட்டும் இல்லை. இதோ வந்துவிடுவோம், இதோ வந்துவிடுவோம் என்று இடைவேளை வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் நர்ஸ்.

தையல் மெஷின் பழுது பார்க்கிற கடையில் என்னால் உட்கார முடியாது என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவன் அண்ணன். அதன்பின் அப்பா அவன் பேச்சையே எடுத்ததில்லை. கடையைப் பார்த்துக்கொண்டது அவள். சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அப்பாவுக்குத் தெரியாமல் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்வாள். கால் நகம் வெட்டப் போனால் மனுஷன் ஊரையே கூட்டுகிறார் என்று ஒருநாள் சொன்னாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

படத்தில் அந்த நகத்தை மகன் வெட்டினான். பின்னால் வயலின் அழுதது. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அவள் கெஞ்சிக் கூட்டிவந்திருந்த அப்பாவின் தோள் பக்கத்து இருக்கையில் குலுங்கியது. அம்மா போனபோதுகூட அது அப்படிக் குலுங்கவில்லை.

மறுநாள் கடையில் அதே பேச்சுதான். மெஷினைக் கொண்டுவந்த தையல்கார அக்கா, நிஜமாகவே பையன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டானா என்று கேட்டாள். பாபினைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. எம் பையனாச்சே" என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே அப்பா அவளிடம், அவனை வரச்சொல் என்றார். நம்பர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அப்பா காலை நீட்டி, நகம் வளர்ந்துவிட்டது என்றார். அவள் நகவெட்டியுடன் வந்தாள்.

"நீ இரு பாப்பா. அவன் வெட்டட்டும்."

அண்ணன் அசடு வழிய அதை வாங்கிக்கொண்டான். படத்தில் வெட்டியது நடிகன்; இவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன். வெந்நீரில் ஊறவைக்காமல் அந்த நகத்தைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரைக் காலில் காயம் பட்டால் லேசில் ஆறாது என்பதும் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஒரு கத்து கத்தட்டும், இத்தனை நாள் வெட்டியது யார் என்று அப்போது தெரியும்.

நகவெட்டி சதையைக் கடித்தது. கட்டைவிரல் ஓரத்தில் ரத்தம் பொட்டாக எழும்பியது.

"வலிக்குதாப்பா?"

அவள் பக்கத்தில் வந்தாலே கூரை பறக்கக் கத்துகிற மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

"இல்லடா. நீ வெட்டு."

அவள் உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்துவந்தாள். அண்ணனை நகரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மருந்தில் நனைத்த பஞ்சைக் காயத்தில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள்.

அப்பா தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"மெதுவாடி, பாவி! உயிர் போவுது!"