சிரித்தல் என்கிற குற்றம்

அண்ணாகிராமம் பக்கம் நூற்றிருபது பேர் வேலை செய்யும் முந்திரித் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆனந்தநடராஜன் முதலாளி. சிதம்பரம் கீழ வீதியில் மூன்று மாடி வீடு கட்டிக் குடிபோன சந்தோஷத்தில், 2009 ஆயுத பூசையன்று, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மைக்கில் பேசினார்.

"அப்ப எங்களுக்கு எந்த ரூமு சார்?" என்றாள், பருப்புக்குத் தோலெடுக்கும் இருசம்மாள்.

கையில் பொரிப் பொட்டலம் வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

விடுமுறை முடிந்ததும் அவளை நீக்கச் சொன்னார். வக்கீல் வெங்கட்ராம் தலையைச் சொறிந்தார்.

"எந்த விதிப்படி நீக்குவீங்க? நூறு பேருக்கு மேல இருந்தா, வேலை விதிகளை எழுதி சர்க்கார்ல சான்று வாங்கியிருக்கணும். நீங்க அந்தப் பக்கமே போகலயே."

"அவ்வளவுதானே? அவளுக்குன்னே எழுதிடுவோம்."

கோயம்புத்தூர் பஞ்சாலை ஒன்றின் விதிகளை வாங்கிப் பெயரை மாற்றினார்கள். முந்திரி உடைப்பவர்கள் நூற்பு எந்திரத்தின் மேல் தூங்கினால் தண்டனை உண்டு. பதினேழாவது குற்றம் மட்டும் முதலாளியின் சொந்தச் சரக்கு: 'முதலாளி பேசும்போது சிரித்தல்.' முதல் தடவை மூன்று நாள் சஸ்பெண்டு, அடுத்த தடவை வேலை நீக்கம்.

சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளிகள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஆட்சேபணை சொல்லலாம் என்றது சட்டம். இருசம்மாளுக்குத்தான் அதிக வாக்கு. அவளை வெளியே அனுப்ப எழுதிய காகிதம், அவளை முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தது.

கடலூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில், ஆனந்தநடராஜன் தன் தொழிற்சாலையின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்க, அதிகாரியம்மா வரைவை வாசித்துக்கொண்டே வந்தார். பதினேழாவதில் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"மேடம், சார் பேசிக்கினு இருந்தாரு, நீங்க சிரிச்சிட்டீங்க. மூணு நாள் சஸ்பெண்டு," என்றாள் இருசம்மாள்.

அதிகாரியம்மா பதினேழை அடித்தார். யாரை நீக்குவதானாலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை நடத்த வேண்டும் என்று சேர்த்தார்.

வெளியே வந்ததும் ஆனந்தநடராஜன் பல்லைக் கடித்தார். "விசாரணையே வைப்போம்."

"வைக்கலாம். அவ என்ன கேட்டான்னு நூத்தியிருவது பேரும் வந்து சாட்சி சொல்லுவாங்க. பரவாயில்லயா?" என்றார் வக்கீல்.

ஆனந்தநடராஜன் விசாரணைப் பேச்சை அதோடு விட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

சான்று பெற்ற விதிகளைத் தமிழில் வாசலில் ஒட்டவும் வேண்டியிருந்தது. ஒட்டிய காலையில் ஷெட் காலி. வாசலில் கும்பல். இருசம்மாள் விடுப்பு விதிகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை நேரத்துல என்ன படிப்பு?"

"ரூல்ஸு தெரியாம வேலை செஞ்சா தப்பாயிடும் சார். இன்னும் எட்டுப் பக்கம் இருக்குது."

யாரோ நகர்ந்து அவருக்கும் நிழலில் இடம் விட்டார்கள். ஆனந்தநடராஜன் நின்று கேட்டார். அதுவரை அவரும் அதை முழுதாகப் படித்ததில்லை.