கருணை அடிப்படையில்

ஈர விரிப்பின் இரு முனைகளை அக்காவும் தம்பியும் பிடித்து, ஓங்கி உதறி, சூட்டு உருளைக்குள் செலுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கும் விடுதியிலிருந்து வந்த விரிப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. வாசலில் சோப்புத்தூள் வண்டி வந்து நின்றது. மூட்டை மட்டும் இறங்கவில்லை.

சோப்புக்காரர் உள்ளே வராமல் வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"உங்க செக்கு திரும்பிடுச்சும்மா. இனிமே ரொக்கம் குடுத்தாத்தான் மூட்டை இறங்கும்."

மடிக்கும் மேசையில் வேலையாட்களின் கைகளெல்லாம் நின்றுவிட்டன. சலவைக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அக்கா கொடுத்த காசோலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

"விடுதிக்காரங்க குடுத்த செக்க என் கணக்குல போட்டு, வரவு வெச்சாச்சுன்னு பேங்க்லேருந்து மெசேஜ் வந்த பிறகுதானே அண்ணே என் செக்க உங்களப் போடச் சொன்னேன்?"

"மெசேஜ வெச்சு நான் என்னம்மா பண்றது? உங்க வார்த்தைய நம்பினேன்."

வண்டி மூட்டைகளோடு திரும்பியது.

"விடுக்கா. எங்கயாவது பொரட்டி ரொக்கமாக் குடுத்துடறேன்" என்றான் தம்பி.

"ரொக்கம் குடுத்தா மூட்டை வரும். போன பேரு வருமாடா? செருப்பப் போடு."

வங்கியில் சின்ன வயது அதிகாரி திரையைப் பார்த்தபடியே பேசினான். "பணம் உங்க கணக்குல இருக்கு மேடம். பெரிய தொகைங்கறதால நிறுத்தி வெச்சிருக்கோம். சில நாள் எடுக்க முடியாது."

"அப்ப வரவு வெச்சாச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"வரவு வெச்சது உண்மைதானே?"

"தட்டுல சோத்தப் போட்டுட்டுக் கையக் கட்டிப் போட்டிருக்கீங்க" என்றான் தம்பி.

"கட்டினதுக்குக் கூலியும் எடுத்துக்கிட்டாங்கடா." அவள் கணக்குப் புத்தகத்தை நீட்டினாள். காசோலை திரும்பியதற்கு ஓர் அபராதம். அந்த அபராதத்தால் இருப்பு குறைந்துபோனதற்கு இன்னொன்று.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் அதிகாரி எழுந்து மேலாளர் அறைக்குப் போனான். ஒரு தாளோடு வந்தான்.

"ரெண்டையும் திருப்பித் தரச் சொல்லிட்டாங்க மேடம். கையெழுத்துப் போடுங்க."

'கருணை அடிப்படையில் அபராதம் தள்ளுபடி' என்றிருந்தது.

"நான் கருணை கேட்டு வரலையே தம்பி" என்றாள் அதிகாரியிடம். "வங்கியோட தவறுன்னு போட்டுக் குடுங்க. சோப்புக்காரர்கிட்டக் காட்டணும்."

"அப்படிப் போட சிஸ்டத்துல இடமே இல்ல. கருணை மட்டுந்தான் வரும்."

"அக்கா, பணம் வருதுல்ல? வாங்கிட்டு வா" என்று தம்பி காதோடு சொன்னான்.

"நீ சும்மா இரு."

பேனா முகப்பு மேசையோடு சங்கிலியில் கட்டியிருந்தது. சங்கிலி குட்டை. நிமிர்ந்து நின்றால் தாளுக்கு எட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். 'கருணை' என்ற சொல்லை இரண்டு கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேலே, 'வங்கியின் தவறு' என்று பெரிதாக எழுதினாள். கீழே கையெழுத்திட்டு உள்ளே தள்ளினாள்.

அதிகாரி அதைப் படிக்கவில்லை. அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினான். அவள் எழுதிய இடம் முழுவதும் ஊதா மையில் மூழ்கிப்போனது.

அவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"இன்னொரு தாள் எடுங்க தம்பி."