இரண்டாஞ்சாவி போட்ட கையெழுத்து

1.

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அப்பாவின் ஸ்கூட்டர். அதன் முன்பக்கம் நின்றுகொண்டு போகும் உரிமை எட்டு வயதுவரை எனக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு தம்பி பிறந்தான். அவனுக்கு நிற்கத் தெரிந்த அன்றே நான் பின்சீட்டுக்கு மாற்றப்பட்டேன்.

இதை அப்படியே எழுதினால் வாரப் பத்திரிகை ஆசிரியர் அரைப் பக்கம்கூடத் தரமாட்டார். "ராஜா கதை குடுங்க. குதிரை மட்டும் வேண்டாம், ஓவியருக்குக் குதிரை வராது" என்றார். அதனால் தம்பியை இளவரசனாக்கிவிட்டேன்.

2.

முதல் ஆரம்பம்: 'அரண்மனை முரசு அதிர்ந்தது. மாமன்னர் தம்முடைய…'

வேண்டாம். முரசு வந்தால் பின்னாலேயே குதிரையும் வந்துவிடும்.

இரண்டாவது: ராஜா வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாட்டில் ஓட்டெடுத்தார்கள். ஊர் உலகத்தில் ராஜாக்கள் மூட்டை கட்டிய காலம். இந்தக் கதையில் மட்டும் ராஜா மயிரிழையில் ஜெயித்துவிட்டார். ஆகவே அங்கே இன்றைக்கும் லிஃப்ட் உண்டு, தேர்தல் உண்டு, ராஜாவும் உண்டு. பட்டத்துக்கு அடுத்து வருபவரை 'இரண்டாஞ்சாவி' என்பார்கள். அரண்மனை முத்திரை அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று ராஜாவிடம், இன்னொன்று வாரிசிடம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் கதவு திறக்கும். தினமும் காலை எட்டு மணிக்குத் திறந்தாக வேண்டும்.

(உள்ளே என்ன இருந்தது என்று கடிதம் போடாதீர்கள். ஒரு முத்திரை, ஒரு மேஜை, மை காய்ந்த ஒரு புட்டி.)

3.

ஒன்பது வயதுவரை இரண்டாஞ்சாவி ராஜாவின் மூத்த மகள்தான். தம்பி பிறந்ததும், மூத்தவள் எழுதிக்கொடுத்தால் பட்டம் ஆண்பிள்ளைக்கு என்று சட்டம் சொன்னது. விட்டுக்கொடுப்புப் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். அடம் பிடிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வளர்ந்தபின் அவளை முதலில் பாட்டு டீச்சராக்கிப் பார்த்தேன். ஐந்தாவது வரியிலேயே அழுதுவிட்டாள். அந்த வரிகளை அடித்துவிட்டு, பல்செட் செய்பவளாக்கினேன். மெழுகில் ஈறு வார்த்து, பல் பல்லாகப் பதித்து, அரம் போட்டு ராவுகிறவர்கள் லேசில் கலங்கமாட்டார்கள். ஆனாலும் ஐம்பது வருடமாகக் காலை எட்டு மணிக்கு அவள் கை ஒரு நொடி நிற்கும். 'இப்ப அப்பாவும் தம்பியும் திருப்புவாங்க' என்று தோன்றும். பொறாமை என்றே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அவளுடைய அப்பா காலமானார்.

4.

முடிசூட்டுக்கு முதல் நாள் மாலை, அரண்மனைக் குமாஸ்தா அவள் பல்செட் செய்யும் கூடத்துக்கு வந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல்ம்மா."

"சின்னதுன்னா போன்லயே சொல்லியிருப்பீங்களே."

பழைய பத்திரத்தைப் பிரித்தார். கீழே, குண்டு குண்டு எழுத்தில், 'இரண்டாஞ்சாவி'.

"பேரைப் போட வேண்டிய இடத்துல பட்டத்தைப் போட்டிருக்கீங்க. பட்டத்தை விடுறேன்னு பட்டமே கையெழுத்துப் போட்டா செல்லாதாம். வக்கீல்கள் நேத்துதான் பாத்தாங்க."

"அந்த வயசுல எனக்குத் தெரிஞ்ச கையெழுத்தே அதுதான். வீட்டுப்பாட நோட்டுலயும் அதைத்தான் போடுவேன். அம்பது வருஷமா ஒருத்தரும் படிக்கலையா?"

"அரண்மனைப் பத்திரம்மா. பத்திரமா வைப்போம். படிக்கறது வழக்கமில்ல."

அவள் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லை மேஜைமேல் வைத்தாள். "அப்ப இத்தனை நாளும் நான்தானா?"

"நீங்கதான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள புதுசா ஒரு கையெழுத்து வேணும். இல்லைன்னா நாளைக்கு நீங்கதான் சிம்மாசனத்துல உக்காரணும்."

மணி நாலரை.

5.

முடிவு அ: போடுகிறாள். வாசகர்கள் 'தியாகி' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குப் பல் கூசும்.

முடிவு ஆ: பத்திரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, குமாஸ்தாவைப் பார்த்து, "நாளைக்கு வண்டி அனுப்…"

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது. இது என் திட்டத்தில் இல்லை.

"அக்கா, அந்தாளு வந்துட்டாரா?"

"எதிர்லதான் உக்காந்திருக்கார். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கறார்."

"கையெழுத்து உன் இஷ்டம். நான் அதுக்குக் கூப்பிடல." தம்பி கொஞ்சம் தயங்கினான். "அக்கா, அந்த முத்திரை அறைக் கதவை நான் ஒருநாள்கூடத் திறந்ததில்ல."

"என்னடா உளர்றே?"

"எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள பட்டன் பூட்டு வந்துடுச்சு. சாவி ரெண்டையும் கண்ணாடிப் பெட்டியில வச்சுட்டாங்க. எனக்குப் பேரு மட்டும்தான். நாளைக்கு அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொல்றாங்க. சபையில உக்காந்திருந்த அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். காலைல எப்படி இருப்பார்க்கா?"

அவள் எழுந்து, குமாஸ்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"பாதிச் சவரத்துல வருவார்டா" என்றாள். "ஒரு கன்னம் முழுக்க சோப்பு நுரை. ஒன்னு ரெண்டு மூணெல்லாம் எண்ணமாட்டார். தொண்டையக் கனைப்பார், அதுதான் கணக்கு. ஒருநாள் நான் முந்திட்டேன். 'என்னைத் தள்ளிட்டு ஆளப் போறியா'ன்னு மூக்குல நுரையத் தடவி…"

"ம். அப்புறம்?"

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம். இருமினார். அவள் திரும்பவில்லை.

இங்கே நான் குறுக்கிட்டு அவள் கையில் பேனாவைக் கொடுக்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். பக்கமும் முடியப்போகிறது. என்னால் ஆகாது. நாட்டுக்கு உடனே ஒரு ராஜாவோ ராணியோ வேண்டும் என்கிறவர்கள் தாராளமாக உள்ளே போய் அவள் பேச்சை நிறுத்தலாம். சத்தமில்லாமல் போங்கள். சொல்லிக்கொண்டே வருகிறவள் இன்னும் தன்னுடைய ஏழு வயதுக்கே வரவில்லை.