ஐந்தாவது ஆணி

தன் வயிறு எரிய ஆரம்பித்தது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று பெரியவளுக்குச் சரியாகத் தெரியும். அன்று சின்னவள் பலகையில் ஒரு காயும் முன்கூட்டி வைக்காமல் ஆட உட்கார்ந்தாள்.

பெரியவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க, "மூச்சை அடக்குங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பேசும்போதும் அதே தொனி வந்துவிடும். சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் வேலை. யார் எந்தச் சுவரில் மோதினாலும் வேர்க்கடலையை மென்றுகொண்டே, "பரவாயில்ல, ரிவர்ஸ் எடுங்க" என்பாள். அப்படி ஒரு சுபாவம்.

இவர்கள் ஆடுவது கோ ஆட்டம். உங்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஒருவர் கறுப்புக் காய், ஒருவர் வெள்ளைக் காய். மாறி மாறி வைத்து இடத்தை வளைக்க வேண்டும். காயை ஒட்டியிருக்கும் காலி இடம்தான் அதற்கு மூச்சு. சுற்றிலும் அடைத்து மூச்சில்லாமல் செய்துவிட்டால் காயைத் தூக்கிவிடலாம். இவ்வளவுதான். கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும். நன்றாக ஆடத்தான் ஆயுசு போதாது.

நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் கூடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பலம் குறைந்தவர், ஆட்டம் தொடங்கும் முன்பே சில கறுப்புக் காய்களைப் பலகையில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவருக்கு ஒன்பது. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒன்று குறையும். சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஓர் ஆளின் அட்டை. முதல் ஐந்து ஆணிக்காரர்கள்தான் வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஊர் கிளப்போடு மோதப் போவார்கள். பெரியவள் ஒன்பது வருஷமாக ஏறி ஏறி ஆறாவது ஆணிக்கு வந்திருந்தாள். அதற்கு மேல் ஏறவில்லை.

சின்னவளைக் கிளப்புக்குக் கூட்டி வந்ததே அவள்தான். "ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து என்ன பண்றே, வாயேன்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஒன்பது காய் வைக்கச் சொல்லி, பெருந்தன்மையாகச் சிரித்து, அடித்துத் துவைத்தாள். எவ்வளவு இனிப்பாக இருந்தது அது!

பிறகு ஒன்பது எட்டானது. எட்டு ஏழானது. ஒவ்வொரு காய் குறையும்போதும் பெரியவளுக்குப் பல் பிடுங்கியது போல இருந்தது. வெளியே மட்டும், "பரவாயில்லையே!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். ஒன்றேகால் வருஷத்தில் ஒன்பதும் போயிற்று. ஏழாவது ஆணியில் சின்னவளின் அட்டை வந்து தொங்கியது, இவள் கழுத்துக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டு.

கிளப்பை நடத்துபவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் தபால்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் வேறு, "அந்தப் பொண்ணுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டுவைப்பார்.

"நான்தான்" என்பாள் பெரியவள். அந்த ஒரு வார்த்தையை மென்று விழுங்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது.

இவள் பாடுபடாமல் இல்லை, பாவம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தினமும் ஒரு புதிர்ப் படம் ஒட்டிவைத்தாள். சோப்பு நுரையோடு விரலை நீட்டி, "இங்க வெச்சா அவ அங்க வெப்பா" என்று சுவரோடு பேசினாள். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர், "ஏம்மா, சுவரு ஜெயிச்சிருச்சா?" என்று கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு வைத்திருந்தாள். சின்னவளோடு ஆடி முடித்து வீட்டுக்கு வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு, ஆட்டம் முழுவதையும் நினைவிலிருந்து கட்டம் போட்டு எழுதுவாள். பிறகு சிவப்புப் பேனாவால், சின்னவள் தப்பாக வைத்த காயை ஒவ்வொன்றாக வட்டமிடுவாள். ஒரு வட்டம் போட்டால் வயிற்றெரிச்சல் ஒரு சொட்டு குறையும். சின்னவளுக்கு இந்த நோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்படி இருக்கையில் ஐந்தாவது ஆணியில் இருந்த தையல்காரர் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். வெளியூர் மோதலுக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

"ஆறும் ஏழும் உக்காருங்க. ஒரே ஆட்டம். ஜெயிக்கிறவங்க அஞ்சுல" என்றார் தபால்காரர்.

"அக்காவே போகட்டுமே. அவங்க எவ்வளவு வருஷமா ஆடுறாங்க" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குக் காதில் புகை வந்தது. "யாரும் விட்டுக்குடுக்க வேணாம். உக்காரு."

இரண்டரை மணி நேரம் ஆடினார்கள். சின்னவள் அன்று கடலையைத் தொடவேயில்லை. பெரியவள் தன்னை அறியாமல் மூச்சை அடக்கி அடக்கி விட்டாள். கடைசியில் யாருக்கும் பிரயோஜனமில்லாத இரண்டு மூன்று பொது இடங்கள்தான் மிச்சம். அவற்றையும் ஆளுக்கொன்றாக அடைத்தார்கள். சின்னவள் இன்னொரு காயைக் கையில் எடுத்தாள். பலகைக்கு மேலே அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

"அவ்வளவுதான் அக்கா. எண்ணலாம்."

எண்ணினார்கள். பெரியவள் மூன்று புள்ளியில் ஜெயித்திருந்தாள். தபால்காரர் அவள் அட்டையை ஐந்தாவது ஆணியில் மாட்டினார். அவள் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். வழியில் கணவருக்கு இனிப்புப் பொட்டலம் கூட வாங்கினாள்.

சாப்பிட்ட கையோடு நோட்டைத் திறந்தாள். அது நாற்பத்தோராவது ஆட்டம். பலகையில் காய்களை வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதி, கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றது.

மூலையில் அவளுடைய ஏழு காய்கள். பொது இடங்களை அடைத்துக்கொண்டே வந்ததில் அவற்றின் மூச்சும் அடைபட்டு, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அவள் உள்ளே ஒரு காய் வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதற்கு அடுத்த முறை சின்னவளுடையது. ஒரே ஒரு காய் வைத்திருந்தால் ஏழும் போயிருக்கும். ஐந்தாவது ஆணியும் போயிருக்கும்.

காயைக் கையில் எடுத்தாளே. மேலே நிறுத்தினாளே. பார்த்துவிட்டு, 'போகட்டும், அக்கா பாவம்' என்று கீழே போட்டிருக்கிறாள்!

பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. ஜெயித்ததும் அவள் போட்ட பிச்சையா?

"இனிப்பு நல்லாருக்கு" என்றார் கணவர்.

"குப்பைல போடுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, நோட்டையும் கையடக்கப் பலகையையும் பையில் போட்டு, டிரைவிங் பள்ளிக்கே போய்விட்டாள். சின்னவள் அடுத்த ஆளுக்காகக் காரில் காத்திருந்தாள். பெரியவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, பலகையை மடியில் விரித்து, அந்தக் கடைசி நிலையை அடுக்கினாள்.

"என்னக்கா இங்க?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. உன் முறை. எங்க வெச்சிருக்கணும்?"

சின்னவள் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், நடுவில் பார்த்தாள். "ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே."

"மூலை."

"மூலைல என்..." பேச்சு அங்கேயே நின்றது. முகம் சுண்டிப்போயிற்று. கடலைப் பொட்டலம் மடியிலிருந்து நழுவிக் காலடியில் கொட்டியது. "ஐயோ. ஏழு."

"நடிக்காதே. காயை எடுத்துட்டு வேணும்னே போட்டே. நான் பாத்தேன்."

"நான் இதைப் பாக்கலக்கா! கையில காயை வெச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன். மூணுல தோத்துட்டேன்னு தெரிஞ்சுது. அழுகை வந்துருச்சு, அதான் போட்டுட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "அஞ்சாவது ஆணி எனக்கு மட்டும் வேணாமா? அக்கா போகட்டும்னு சும்மா வாய்ல சொன்னேன். நீங்க சரின்னிருந்தா செத்தே போயிருப்பேன்."

பெரியவளின் மனம் எப்படிப்பட்டது என்று மறைக்க மாட்டேன், கண்ணுகளா. முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அவள் பார்க்கவில்லை! நான் பார்த்தேன்! அது போன பிறகுதான் பக்கத்தில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

"எப்படிக்கா எல்லாத்தையும் அப்படியே அடுக்கறீங்க?" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

பெரியவள் வேறு வழியில்லாமல் நோட்டைக் காட்டினாள். சின்னவள் புரட்டினாள். புரட்டப் புரட்ட அழுகை நின்றது.

"எல்லாம் நம்ம ஆட்டமா?"

"நாப்பத்தொண்ணு."

"இந்தச் சிவப்பு வட்டமெல்லாம்?"

பெரியவள் கியரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ பண்ணின தப்பு."

"என் தப்பு மட்டும்தான் இருக்கு. உங்க தப்பு எங்க?"

காருக்குள் வெயில் ஏறியிருந்தது. பெரியவள் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். நாற்பத்தோரு ஆட்டம். தன் காயில் ஒரு வட்டம்கூட இல்லை. தன் ஏழு காய் மூச்சுத் திணறிய அந்தக் கடைசிப் பக்கத்தில்கூட இல்லை. சுவரோடு பேசிய பேச்சும் எழுதித் தேய்ந்த பேனாவும் எதிராளிக்குத்தான் போயிருக்கின்றன.

"அக்கா, இதை ஒரு வாரம் எனக்குக் குடுங்க."

"எதுக்கு?"

"என் தப்பையெல்லாம் ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கீங்க. காசு குடுத்தாலும் யாரு செஞ்சு தருவாங்க?"

சின்னவள் நோட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். பெரியவள் மறு முனையை விடவில்லை. இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? வண்டி கற்க வந்த பெண்மணி வெளியே கண்ணாடியைத் தட்டினார். பெரியவள் விரல்களைத் தளர்த்தினாள்.

"காபி கறை படாம பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாகத் தபால்காரரிடம் போய் மூலை விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் முடிஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமா."

"எண்ணினீங்களா?"

"எண்ணினோம்."

"அப்ப ஆணி உங்களுதுதான். போய் ஆடுங்கம்மா."

சின்னவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். "நானும் கேட்டுட்டேன் அக்கா. அதையேதான் சொன்னாரு. போயிட்டு வாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று நோட்டை நீட்டினாள்.

பெரியவள் திறந்தாள். சிவப்பு வட்டங்களுக்கு இடையே இப்போது பச்சை வட்டங்கள். இவள் காய்கள்மேல். முதல் ஆட்டத்தில் நான்கு, ஐந்து. போகப் போக இன்னும் நெருக்கமாக. கடைசிப் பக்கத்தில், மூலைக்குப் பக்கத்தில், ஒன்று.

நின்றபடியே ஒவ்வொரு பச்சை வட்டமாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்றையாவது தப்பாகப் போட்டிருப்பாளா என்று தேடினாள். ஒரே வாரத்தில் போட்டிருக்கிறாள். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் எரிந்தது.

"என்னக்கா, ஏதாவது தப்பா?"

"எட்டாவது ஆட்டத்துல ஒண்ணு விட்டுட்டே" என்று பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் காயைத் தானே வட்டமிட்டாள்.

"கடலையை ஓரமா வை. உக்காரு."