சோபியா டீச்சர் கேட்ட கேள்வி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஆண்டிமடம் பக்கத்து டீச்சர் ஒருத்தி கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். உங்களுக்கும் அவளைப் பிடித்துப்போகும்.

சோபியா வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் தாளாளர் சவரியார் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். மாரடைப்பில் ஓர் ஆசிரியரைப் பறிகொடுத்த வருத்தத்தில் செய்தது. ஆனால் வாட்ச் சொல்லும் உடம்பு விவரத்தையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர் அறை டிவியில் ஓடவிட்டார். ராஜராஜன் சாருக்குத் தூக்கம் சரியில்லை என்று ஒரு வாரம் வந்தது.

"என்ன சார், வூட்ல சண்டையா?" என்றார் ஒரு வாத்தியார்.

"சண்டைன்னா பரவால்லயே, வெளிய படுக்கச் சொல்லிட்டாங்களாம்!" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜராஜன் சார் மட்டும் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் சோபியாவின் போனில், அவள் கர்ப்பமாக இருக்கலாம் என்று காட்டியது வாட்ச். அது அவளுக்கும் கணவன் அருள் பிரகாஷுக்கும் முன்பே தெரியும். முதல் தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கரு கலைந்தபின் விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நொந்துபோனவள் அவள். இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை மாமியாரிடம்கூடச் சொல்வதில்லை என்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை டிவியில வந்துருமேங்க."

"கழட்டி வச்சிடேன்."

"வாட்ச்லேருந்து போன சேதி போனதுதானே? நிறுத்துங்கன்னு சார்கிட்ட கேக்கலாம். ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?"

மறுநாள் அவள் போய் டிவியில் போடுவதை நிறுத்தச் சொன்னபோது, ஏன் என்று கேட்கத்தான் செய்தார் சவரியார். "மறைக்கிறதுக்கு உனக்கு என்னம்மா இருக்கு?"

 சோபியா நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க செஞ்ச பாவத்தச் சாமியார் காதுல சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றீங்களே சார், கோயில் மைக்கிலயா பண்றீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

"அது ஆத்துமா, இது உடம்பு. ரெண்டும் அவங்கவங்களுது தானே சார்? எனக்காக மட்டும் கேக்கல. யாருதையும் போடாதீங்க."

சவரியார் எழுந்துபோய் டிவி வயரைப் பிடுங்கினார். எடுத்த விவரத்தையெல்லாம் அழிக்கும்படி வாட்ச் கம்பெனிக்கும் சொன்னார். அவள் ஏன் கேட்டாள் என்று அப்புறம் விசாரிக்கவே இல்லை. அதுவும் பெரிய மனசுதான்.

தன் ரகசியத்தை வெளியே விடாமலே அத்தனை பேர் மானத்தையும் காப்பாற்றினாளே, அந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்!

மூன்று மாதம் முடிந்தபின் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மாமியார் அற்புதம்மாளிடம் சொன்னாள்.

"எங்கிட்டயே மறைச்சிட்டியாடி, கள்ளி!" என்று கட்டிக்கொண்டு அழுதாள் கிழவி.

உங்கள் வீட்டு நல்ல சேதியும் நீங்கள் நினைத்த நாளில், உங்கள் வாயாலேயே வெளிவரட்டும். பிள்ளை குட்டிகளோடு வீடு நிறைய நன்றாக இருங்கள், கண்ணுங்களா.