புகை போட்ட காய்

தொண்ணூற்றேழு தை மாதம். சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த மயில்சாமியை, ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி சாந்தாமணி ஒரு புதன்கிழமை தறிக் குடோனுக்கு வெளியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, தண்ணியாட்டப் போய்க்கிட்டே இருக்குதுங்க. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு விருந்து. பெண் வீட்டார் உடுமலைப்பேட்டையிலிருந்து வேன் வைத்துச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள். பங்காளிகள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் ஆளுக்கொன்று பேசுவார்கள்; ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"நாலு நாள்தான அம்மணி, பொறுத்துக்க. விருந்து முடிஞ்சதும் போலாம்" என்றான்.

பொறுத்துக்கொள்வதில் சாந்தாமணியை மிஞ்ச ஆளில்லை. விருந்தன்று காய்ச்சல் உடம்போடு பட்டுச்சேலையில் உட்கார்ந்து, சந்தனம் பூச வந்தவர்களுக்கெல்லாம் கன்னத்தைக் காட்டினாள்.

வேன் உடுமலைக்குக் கிளம்புமுன்பே வலி கண்டது. மறுநாள் காலை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பனிக்குடத் தண்ணீர் நாற்றமடித்ததாக நர்ஸ் சொன்னாள். டாக்டரம்மா வெளியே வந்து, "தண்ணி எப்ப உடைஞ்சுது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு விடியத்தாலதானுங்க" என்றான் மயில்சாமி. பயந்தவன் வாயில் பொய்தான் முதலில் வரும்.

அந்த எடையில் பிறக்கும் பிள்ளைகள் முதல் நாளே மூச்சுக்குத் திண்டாடும். இவன் திண்டாடவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு மூச்சு மெஷின் வைத்தார்கள். இவனுக்கு வைத்த கொஞ்ச ஆக்சிஜனையும் மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். மயில்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு நாள் ஒன்றும் கெடுத்துவிடவில்லை! தறிக்காரர்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான், மடையன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இருங்க, பாக்கலாம்" என்றார்.

பத்தாம் நாள் பிள்ளையின் நெஞ்சு மூச்சுக்கு மூச்சு உள்வாங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் திரும்ப வந்தது, பின்னாலேயே மெஷினும் வந்தது. மூன்றாவது வாரம் மெஷினை எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை நீலம் பாரித்துப்போனான். டாக்டரம்மா மயில்சாமியைக் கூப்பிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"முத்தாத வாழைக்காய்க்குப் புகை போட்டா என்னாகும்? தோல் மஞ்சளாயிரும், காய் வளராது. அப்படித்தான் இதுவும். பனிக்குடத்துல கிருமி போயி, வயித்துக்குள்ளயே நுரையீரல் வீங்கிச் சூடேறிப்போச்சு. அந்தச் சூட்டுல அவசரமாப் பழுத்துதான் மொதல்ல நல்லா மூச்சு விட்டான். ஆனா காத்துப்பைக பிரிஞ்சு பிரிஞ்சு வளரோணும். அது நின்னுபோச்சு. இருக்கறதும் இப்ப மெஷின் காத்துல புண்ணாகுது."

மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். "பொய் சொல்லிப்போட்டனுங்க டாக்டரம்மா. புதன்கெழமையே தண்ணி போச்சுங்க. விருந்துக்காவ நாந்தானுங்க நிறுத்தி வெச்சேன்."

"நாத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. கிருமிக்கு மருந்து அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு" என்றார் டாக்டரம்மா. "உங்க சம்சாரத்தையும் ரெண்டு தடவை கேட்டேன். அவங்களும் விடியத்தாலனுதான் சொன்னாங்க. கெட்டது பொறக்கறதுக்கு முன்னாலயே கெட்டுப்போச்சுங்க. புதன்கெழமையே வந்திருந்தா..." எக்ஸ்ரேயைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

அப்படிப் பொய் சொல்லும்படி சாந்தாமணியிடம் யாரும் சொல்லவில்லை. மயில்சாமிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் வராந்தாவில் எவர்சில்வர் டம்ளரில் பிள்ளைக்குத் தாய்ப்பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான். "டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன், அம்மணி. புதன்கெழமைனு."

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் முகம் அப்படித் தெளிந்து அவன் பார்த்ததில்லை.

"சொல்லிப்போட்டீங்களா? உங்களை வைவாங்கன்னுதானுங்க நானும் மறைச்சுப்போட்டேன். அதுலருந்து சோறே எறங்குலீங்க." சேலைத்தலைப்பில் கையைத் துடைத்தாள். "இனி அதுக்குத் தகுந்த மருந்து குடுத்துக் காப்பாத்திருவாங்கல்லீங்க?"

"ஆமா, அம்மணி" என்றான் மயில்சாமி.